மூக்காயியைப் பற்றி நான் கேட்ட கேள்வி

சாப்பிட்டுக் கை கழுவியவனிடம்தான் கேள்வி கேட்க வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. பசியோடு இருப்பவன் ஆமாம், இல்லை என்று முடித்துவிடுவான். ஊர் ஊராகப் போய் விசாரிக்கும் வேலையில் நான் முதலில் கற்றது அது.

மூக்காயியின் சாவுக்கு வருகிறேன்.

மஞ்சுவிரட்டு ரசிகர்களின் சகுன நம்பிக்கைகளைத் திரட்டி வரும்படி திருச்சிப் பேராசிரியர் ஒருவர் என்னைப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்துக்கு அனுப்பினார். கார்த்திகையில் இலுப்பூருக்குத் தெற்கே அந்த ஊரில் வந்து தங்கினேன். காளை பிடிபட்டால் என்ன காரணம் என்று வீடு வீடாகக் கேட்டேன். ஒருவர் பல்லி என்றார். ஒருவர் தும்மல் என்றார். ஊரிலேயே பேர்பெற்ற காளையை வைத்திருந்த வீரய்யா, அன்று தலைக்கு எண்ணெய் வைத்ததுதான் காரணம் என்றார்.

"இது குப்பை. ஊர் முழுக்க ஒத்துக்கொள்கிற ஒரே நம்பிக்கை வேண்டும்" என்று பேராசிரியர் எழுதினார்.

கடைத்தெருவில் அவித்த கடலை விற்ற மூக்காயியிடமும் கேட்டேன். புருஷனை இழந்தவள், தனிக்கட்டை.

"பிடிக்கிறவன் கையில வலு இருந்தா மாடு பிடிபடும். இதைக் கேக்கவா திருச்சியிலேருந்து பஸ் ஏறி வந்தீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "அவருக்கு இன்னும் ஒரு கை கடலை போடு ஆத்தா, தெம்பா கேக்கட்டும்" என்றார் வீரய்யா.

எனக்குக் கோபமில்லை. மறுநாள் கேள்வியை மட்டும் சற்றுத் திருத்திக்கொண்டேன்: "மூக்காயி எதிரே வந்தால் காளை பிடிபடும் என்கிறார்களே, உங்கள் அனுபவம் எப்படி?"

"அப்படியா? யாரு சொன்னா?" என்றான் முதல் வீட்டு இருளாண்டி.

"பலரும் சொல்கிறார்கள்."

இரண்டு தெரு தாண்டியதும் யார் சொன்னார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. "ஆமாங்க, போன வருசங்கூட..." என்று அவர்களே ஆரம்பித்தார்கள். மார்கழி முடிவதற்குள் அவளிடம் கடலை வாங்க ஆளில்லை. பேராசிரியர் பாராட்டி எழுதினார்.

தை மாதம் மஞ்சுவிரட்டு. வீரய்யாவின் காளை வாடிவாசலைத் தாண்டிய கையோடு பிடிபட்டது. கூட்டத்தின் ஓரத்தில் கூடையோடு மூக்காயி நின்றாள். முதல் கல்லை வீரய்யாதான் எறிந்தார். அவர் அடுத்ததற்குக் குனிந்தபோது, இந்த நம்பிக்கை எப்போதிலிருந்து இருக்கிறது என்று விசாரித்தேன்.

"எங்க பாட்டன் காலத்துலேருந்துங்க" என்றார், மூச்சு வாங்க.

நெற்றியில் ரத்தத்தோடு அவள் என்னைக் கண்டுகொண்டாள். "ஐயா, வீடு வீடா கேட்டது நீங்கதானே! மொதல்ல ஒருத்தரும் என் பேரைச் சொல்லலைன்னு சொல்லுங்கய்யா."

ஓங்கிய கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"சொல்லுங்க" என்றார் வீரய்யாவும்.

நான் வாய் திறக்கவில்லை. கல் மறுபடி விழத் தொடங்கியது. விசாரிக்கப் போனவன் ஜனங்களின் நம்பிக்கையில் தலையிடக் கூடாது, ஐயா. அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.