ஃபெயிலானால்தான் கல்யாணமாம்

"இன்னிக்குப் பேப்பர்ல மட்டும் ஃபெயிலாயிடுடி. கல்யாணம் முடிஞ்சி எழுதிக்கலாம்."

காலை பஸ்ஸில், டிகிரியின் கடைசிப் பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த மகளிடம் ஓர் அம்மா சொன்னது இது. பின்சீட்டில் இருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு?"

"பையன் பன்னெண்டாவதுதான். டிகிரி முடிச்ச பொண்ணு புருசன மதிக்காதுன்னு அவங்கம்மா சொல்லுது."

"அப்ப வேற எடம் பாரு."

"எங்கடி பாக்கறது? நம்ம ஜாதில பசங்க எல்லாம் பன்னெண்டாவதோட வேலைக்குப் போயிட்டானுங்க. பொண்ணுங்கதான் படிச்சிக்கினு கீதுங்க."

"அவன் படிக்காததுக்கு நான் ஏம்மா ஃபெயிலாவணும்? வேலைக்கும் போவக் கூடாதா?"

"சேச்சே, வேலைக்குப் போற பொண்ணுதான் வோணுமாம். சம்பளம் நல்லா வரணும்னு சொன்னாங்க."

பஸ் நந்தனத்தில் நின்றது. மகள் எழுந்தாள்.

"சம்பளம் வோணும், படிப்பு வோணாமா? நான் பாஸாவத்தான் போறேன். இப்பவே அவங்களுக்குப் போன் பண்ணி சொல்லு. இல்லன்னா போன குடு, நானே சொல்றேன்."

அந்த அம்மா போனை அவசரமாக ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.