மேனேஜர் திருப்பிய கடிகாரம்

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், கம்பெனி ஓவர்கோட்டைக் கூடக் கழற்றாமல் இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். சின்னவள் சொன்னது காதில் விழுந்தது.

"புது கடியாரம் கரெக்டா டைம் காட்டுதுன்னு எங்க மேனேஜர் திட்டிக்கினு இருக்காருக்கா."

"கரெக்டா காட்டுனா அந்தாளுக்கு இன்னாடி நோவு?"

"பழைய கடியாரத்த அஞ்சு நிமிஷம் ஃபாஸ்ட்டா வெச்சிருந்தாங்க, எல்லாரும் சீக்கிரம் வரணும்னு. இதயும் அப்டியே வெக்கச் சொன்னாரு. மாட்ட வந்தவரு, இது நெட்லேர்ந்து தானா டைம் எடுத்துக்கும், நாம மாத்துனா நிக்காது சார்னு சொன்னாரு. இவரு கேட்டாத்தானே."

"அப்புறம்?"

"அவரு போனதும் இவரே ஸ்டூல் மேல ஏறி மாத்துனாரு. டீ குடிச்சிட்டு வந்து பாத்தா திரும்பவும் கரெக்ட் டைம். மறுபடியும் ஏறுனாரு."

"காசு குடுத்து வாங்கிட்டு அத்தோட மல்லுக்கு நிக்கிறாரா?"

"இப்ப கீழ ஒரு பேப்பர் ஒட்டிட்டாரு. 'இதில் ஐந்து நிமிடம் கூட்டிக்கொள்ளவும்'னு."

பெரியவள் தலையில் அடித்துக்கொண்டாள். கவரைப்பேட்டையில் வண்டி நின்றது.

"போவட்டும். அப்ப சாயங்காலமும் முன்ன மாதிரி அஞ்சு நிமிஷம் முன்னாடி உட்ருவாங்க இல்ல?"

"அதுக்கும் சேத்துத்தான் எழுதிருக்காரு. கடைசியில பெருசா, 'காலையில் மட்டும்'னு."