வியாழக்கிழமைப் பட்டியல்

விழாவுக்கும் நம் கழகத்துக்கும் தலைவரான கார்லைல் இயர்வுட் அவர்களே! என் கணவரை இருமுறை அழைத்து இருமுறை அனுப்பிய ஆட்சிக்குழுப் பெருமக்களே! பார்படோஸ் வெயிலிலும் தொப்பி கோணாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! மரத்தடியில் நின்றபடி நடுவருக்கே நியாயம் சொல்லும் பெரியவர்களே! செய்மோர் கிட்டென்ஸின் மனைவி யூடோராவின் மாலை வணக்கம்!

இந்தப் பார்வையாளர் அரங்குக்கு அவர் பெயரைச் சூட்டுகிறீர்கள். மகிழ்ச்சி. மறைந்தவர் அணியைத் தேர்ந்தெடுக்க மாட்டார். எவ்வளவு வசதியான பயிற்சியாளர்!

கிரிக்கெட் பயிற்சியாளர் என்பவர் யார்? அணி வென்றால் புகைப்படத்தின் ஓரத்தில் நிற்பவர். தோற்றால் நடுவில் நிற்பவர். அவர் பயிற்சியில் நம் கழகம் கோப்பை வென்றது. "பசங்க கெட்டிக்காரங்க, இனிமே கோச் எதுக்கு?" என்று அனுப்பினீர்கள். அடுத்த ஆண்டு தோற்றீர்கள். "கோச் இல்லாமத்தான் தோத்தோம்" என்று திரும்ப அழைத்தீர்கள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். தலைவரும் சிரிக்கிறார். இன்னும் சற்று நேரம் சிரிப்பார்.

பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு புதன்கிழமை தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் சுட்ட தேங்காய் ரொட்டியில் மூன்று துண்டு சாப்பிட்டார்.

"செய்மோர், என் அக்கா மகன் லிஸ்டன் பேரையும் நாளைக்கு எழுதிடுப்பா. எனக்காக."

வியாழன்தோறும் பதினொரு பெயர்களை எழுதிக் கழகக் கதவில் ஒட்டுவது பயிற்சியாளரின் வேலை.

"நல்ல பையன்தான் கார்லைல். ஆனா பந்து வந்தா கண்ணை மூடிக்கிறான். திறக்கட்டும், எழுதுறேன்."

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. உடல்நலம் கருதி ஓய்வாம்! அப்போது நோயாளி எங்கே இருந்தார்? எங்கள் சீமைப்பலா மரத்தின் உச்சியில் இருந்தார்! அங்கிருந்தே கேட்டார்: "யூடோரா, படிச்சுச் சொல்லு. எனக்கு என்ன வியாதியாம்?"

நேற்று செயலாளர் இரண்டு உறைகளை மாற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார். என் விழா நிரல் இன்றைய பயிற்சியாளர் மார்வா அலீனுக்குப் போயிற்று. மார்வாவின் கடிதம் எனக்கு வந்தது. திங்கள் முதல் அவளுக்கும் உடல்நலம் சரியில்லையாம்! விடிந்ததும் மைதானத்தைப் பத்து சுற்று ஓடுகிறவளுக்கு! அவள் செய்த குற்றம் என்ன? வியாழக்கிழமைப் பட்டியலில் ஒரு பெயர் இல்லை. யார் பெயர்? உரக்கச் சொல்லுங்கள்! ஆம், லிஸ்டன்! பத்து ஆண்டுகளாக அந்தக் கண் திறக்கவே இல்லை!

என் ஒரு கையில் அவர் பெயரை மூடிய திரையின் கயிறு. மறு கையில் கடிதம். அவர் பெயரைச் சுவரில் பொறித்துவிட்டு, அவர் செய்ததையே செய்தவளைத் தெருவுக்கு அனுப்புவீர்களா? தலைவரே, கையெழுத்து உங்களுடையது. உங்கள் கையாலேயே கிழியுங்கள். அதுவரை இந்தக் கயிற்றை இழுக்க மாட்டேன். வயது எழுபத்தொன்பதுதான், இரவு வரை நிற்பேன்.

பின்வரிசையில் யார்? லிஸ்டனா? எழுந்து நின்று பேசப்பா.

"மாமா, கிழிச்சிடுங்க! அந்தப் பந்தைப் பாத்தாலே எனக்குக் கண்ணு தானா மூடிக்குது!"

கேட்டீர்களா? இந்தக் குடும்பத்தில் இன்று முதலில் துணிந்தவன் இவன்தான்!

தலைவர் எழுகிறார். கடிதத்தை வாங்குகிறார். இரண்டாக... இன்னும் சிறிதாக, ஐயா. ஒட்ட முடியாதபடி. துண்டுகளைத் தரையில் போடாதீர்கள், சட்டைப்பையில் வையுங்கள்.

இதோ, இழுக்கிறேன்! மார்வா, போ, முதல் ஆளாக ஏறி உட்கார். பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், உறை மாற்றிய செயலாளருக்கும் என் நன்றி. வணக்கம்!