மராக்காஸ்: கதிர்காமநாதன்

ரோஹானா, நீங்கள் வாங்கிவந்த அப்பம் பாலிக் நன்றாக இருந்தது. இரண்டு துண்டை மிச்சம் வைத்து இன்று காலைத் தேநீரோடு சாப்பிட்டேன். நீங்கள் விட்டுப்போன கையெழுத்துப் பிரதியையும் படித்து முடித்துவிட்டேன். நூற்றுப் பத்துப் பக்கம். கலைந்துபோய்ப் பதினோரு வருடமான ஒரு வாத்தியக் குழுவுக்கு அது அதிகம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அலாவுதீனின் தங்கை மகள் எழுதினால் அப்படித்தான் இருக்கும். பிழை இருந்தால் திருத்தித் தரச் சொன்னீர்கள். முப்பது வருடம் ஒரு வக்கீல் ஆபீசில் பிறர் எழுதியதைத் திருத்திச் சம்பளம் வாங்கியவன் நான். அதனால் திருத்தித் தருகிறேன்.

1977-இல் சூலியா ஸ்திரீட்டில் ஒரு பாய்க்கடை மாடியில் நாங்கள் கூடியது சரி. குழுவுக்கு ‘பசெம்போர்’ என்று உங்கள் மாமா பெயர் வைத்ததைப் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். வடை, வெள்ளரிக்காய், அவித்த முட்டை என்று கையில் கிடைத்ததையெல்லாம் வெட்டிப் போட்டு, மேலே குழம்பை ஊற்றித் தருகிற தெருத் தின்பண்டத்தின் பெயர் அது. பெயர் பொருத்தம்தான், மறுக்கவில்லை. திருநாவுக்கரசு பாஸ் கிட்டாரில் அமெரிக்க ஃபங்க் வாசிப்பான். ஆ செங் கிட்டாரில் சீனக் கூத்துக்காரர்களின் மெட்டு. யூசோஃப் டிரம்பெட்டில் ஜோகெட் என்கிற மலாய் ஆட்டப் பாட்டு. உங்கள் மாமா டிரம்ஸில் கந்தூரி ஊர்வலத்துத் தாளம். இதைக் ‘கலப்பிசையின் முன்னோடிகள்’ என்கிறீர்கள். நால்வரில் ஒருவருக்கும் நோட்டேஷன் படிக்கத் தெரியாது. ஒருவன் போகிற பக்கம் மற்றவன் போவான். ஆட்டுமந்தையும் அப்படித்தான் போகிறது, அதை யாரும் முன்னோடி என்பதில்லை.

ஐந்தாவது ஆள் நான், ஆர்கன். பியானோவில் எட்டாவது கிரேடு, இரண்டு தடவை பாராட்டுப் பத்திரம்.

‘போத்தோங்’, அதாவது ‘வெட்டு’ என்று நாங்கள் வைத்திருந்த முறை பற்றி நீங்கள் எழுதியது பாதிதான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒருவருக்கு முறை வரும். அன்று அவர் ஏதாவது ஒரு பாட்டிலிருந்து ஏதாவது ஒன்றை வெட்டி எடுக்கலாம். ஒரு வரி, ஒரு வாத்தியம், எதுவானாலும் சரி. புதிதாக ஒன்றைச் சேர்க்க ஐந்து பேரும் சம்மதிக்க வேண்டும். எடுப்பதற்கு ஒருவர் போதும். ஏன் என்று கேட்கக் கூடாது. எடுத்தது திரும்ப வராது. இதுதான் சட்டம். இது குழுவின் மேதைமை என்று நீங்கள் எழுதுகிறீர்கள். சொந்தமாக எதையும் உண்டாக்கத் தெரியாதவர்கள் கத்தரிக்கோலைக் கண்டுபிடித்துக்கொண்டார்கள் என்று நான் எழுதுவேன்.

‘பத்து மணி ஃபெர்ரி’ என்ற பாட்டின் தொடக்கமும் நடுப்பகுதியும் என்னுடையவை. அதைப் பிரதியில் எங்கேயும் காணோம். சாருகேசியை அடிப்படையாக வைத்துப் பதினாறு பார் ஆர்கன் முன்னிசை, நடுவில் அது மூன்று விதமாகத் திரும்பி வரும். எழுத எனக்குப் பதினோரு மாதம் ஆயிற்று. பிறந்ததிலிருந்து நான் செய்தவற்றில் அது ஒன்றுதான் உருப்படி. அதை நான் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை.

1982 ஆகஸ்டில் உங்கள் மாமாவின் முறை.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க,” என்றார். “ஃபெர்ரி பாட்டுல ஆர்கன எடுத்துரலாம்லா.”

“எந்த இடத்தில்?” என்று கேட்டேன்.

“முழுசா அண்ணே.”

அப்போதே ஆர்கன் இல்லாமல் வாசித்துப் பார்த்தார்கள். முடிந்ததும் திருநாவுக்கரசு சிரித்தான். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, சந்தோஷத்தில் சிரித்தான். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. “அடேங்கப்பா, பாட்டு இப்பத்தான் மூச்சு விடுது!” என்றான். பதினோரு மாதமாக அதன் கழுத்தை நான் நெரித்துக்கொண்டிருந்தேன் என்று அர்த்தம்.

அதன் பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அந்தப் பாட்டு வரும்போது ஆறு நிமிடம் நான் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். சுங்கை பாக்காப்பில் ஒரு கல்யாண விருந்தில் உங்கள் மாமா இரண்டு கிலுகிலுப்பையை என் பக்கம் நீட்டினார். “இந்தாங்க அண்ணே, சும்மா உக்காந்திருந்தா உங்களுக்குப் போரடிக்கும்.” மராக்காஸ் என்று அதற்குப் பெயர். அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு தந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். என் அம்மா பத்மாவதி ஒரு தடவை டவுன் ஹாலுக்கு வந்து முன்வரிசையில் இருந்து பார்த்தார். வீடு திரும்பும்போது, “ஏன் தம்பி, கையில ஏதும் நோவோ?” என்று கேட்டார். ஓம் அம்மா, கொஞ்சம் நோவுதான் என்று சொன்னேன்.

நான் கோபப்படவில்லை. அதைத் தெளிவாகக் குறித்துக்கொள்ளுங்கள். கோபப்படுகிறவர்கள் அவசரப்படுவார்கள், அவசரப்பட்டவர்களின் பத்திரங்களைத்தான் ஆபீசில் நான் தினமும் திருத்திக்கொண்டிருந்தேன். என் முறை 1982 டிசம்பரில் வந்தது. எதையும் எடுக்கப் போவதில்லை என்று சொன்னேன். எல்லோரும் கை தட்டினார்கள். யூசோஃப் என்னைப் பெருந்தன்மையானவர் என்றார். எனக்கு எடுக்க வேண்டியது ஒன்று இருந்தது, அதை அந்த மாடியில் வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அடுத்த வருடம் போதைப்பொருள் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். கஞ்சா குறிப்பிட்ட எடைக்கு மேல் இருந்தால் விற்பதற்கே வைத்திருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். விற்பவருக்குத் தூக்கு, நீதிபதி வேறு தண்டனை தர முடியாது. அந்தத் திருத்தத்தை முதலாளிக்காக மூன்று பிரதி டைப் அடித்தவன் நான். டைப் அடிக்கும்போதுதான் எனக்குத் தலையணை ஞாபகம் வந்தது.

தலையணையைப் பற்றிப் பக்கம் முப்பத்தொன்பதில் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். காலால் மிதித்து அடிக்கிற பெரிய டிரம்முக்குள், சத்தம் சிதறாமல் இருக்க, அவருடைய அம்மா சித்தி ஹாஜரா இலவம்பஞ்சு அடைத்து ஊதா நூலால் தைத்துக் கொடுத்த தலையணை. டிரம்ஸை யார் வேண்டுமானாலும் தூக்குவோம், தட்டுவோம். தலையணையை மட்டும் அவரைத் தவிர ஒருவரும் தொடமாட்டோம். அது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

ஜுருவில் பழைய கார்களைப் பிரித்து விற்கிற இடத்தில் ஒரு ஆளைப் பிடித்தேன். அகராதி அளவு பொட்டலம் கிடைத்தது. 1984 ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்து மாடிக்குப் போனேன். சாவி ஐந்து பேரிடமும் உண்டு. தையலைப் பிரித்து, பொட்டலத்தைப் பஞ்சுக்கு நடுவில் வைத்து, அதே ஊதா நூலால் தைத்தேன். சட்டைப் பித்தான் தைக்க அம்மா சிறுவயதில் பழக்கியிருந்தார். வெளியே வரும்போது பாய்க்கடைக்காரரிடம் மழை வரும்போல இருக்கிறது என்று சொன்னேன், வரவும் செய்தது.

மறுநாள் ஞாயிறு ஒலிப்பதிவு. கடைசிக் கேசட்டை மாடியிலேயே எடுத்தோம். உங்கள் மாமா ஸ்டூலில் உட்கார்ந்து பெடலை ஒரு தடவை மிதித்தார், உடனே நிறுத்தினார். முதலில் ஃபெர்ரி பாட்டு, அதனால் என் கையில் மராக்காஸ் இருந்தது. அவர் குனிந்து தோலில் உள்ளங்கையை வைத்தார். இன்னொரு தடவை மிதித்தார்.

“டேய் அரசு, கேட்டியா? என்னா சவுண்டுலா இது!” என்றார். “உம்மா பஞ்சு மாத்திருப்பாங்கபோல. யாரும் தொடாதீங்கப்பா, இப்படியே இருக்கட்டும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “அண்ணே, உங்க காதுக்கு எப்படி இருக்கு?” என்று கேட்டார். ஏழு வருடத்தில் என் காதை அவர் கேட்டது அது ஒரு தடவைதான். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். அது பொய் இல்லை. பஞ்சின் நடுவில் கனம் ஏறியதால் அந்தச் சத்தம் ஆழமாக, வட்டமாக, முடிகிற இடத்தில் வெட்டினாற்போல் முடிந்தது. அன்று அவர் வாசித்ததுபோல் அதற்கு முன்னால் வாசித்ததில்லை.

திங்கட்கிழமை தபால் ஆபீஸ் வாசலிலிருந்த பொதுத் தொலைபேசியில் போலீசுக்குச் சொன்னேன். நல்ல ஆங்கிலத்தில் சுருக்கமாகச் சொன்னேன்.

கோர்ட்டில் எல்லாம் முறையாகவே நடந்தது. உங்கள் மாமாவைக் காப்பாற்ற வந்த சித்தி ஹாஜரா, அந்தத் தலையணையைத் தன் கையால் தைத்ததாகவும் மகனைத் தவிர யாரும் தொடமாட்டார்கள் என்றும் சத்தியம் செய்தார். அந்த அம்மாள் அதோடு நிறுத்தியிருக்கலாம், கேட்ட கேள்விக்கெல்லாம் உண்மையே சொன்னார். என்னையும் கூப்பிட்டார்கள். தொடமாட்டோம் என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர நான் அங்கே சொன்னதெல்லாம் உண்மை.

அவருக்காக வாதாடியவர் என் முதலாளி. கருணை மனுவை நான்தான் டைப் அடித்தேன், பதினான்கு பக்கம், ஒரு எழுத்துப் பிழை கிடையாது. முதலாளி எழுதியதில் இரண்டு பத்தி பலவீனமாக இருந்தன, அவற்றைக் கூட மெருகேற்றிக் கொடுத்தேன். குழுவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். உங்கள் அம்மா சலேஹா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்போது நீங்கள் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்றீர்கள். மனு தள்ளுபடியாகி, 1988-இல் ஒரு வெள்ளிக்கிழமை விடியலில் தூக்கிலிட்டார்கள்.

குழுவை நானே கலைத்தேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். உங்கள் மாமாவைப் பிடித்துப் போன மறு ஞாயிறே முன்னிசையின் நோட்டேஷனை ஐந்து பிரதி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்க் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. திருநாவுக்கரசு கிட்டாரை விற்றுவிட்டு புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்குப் போனான். ஆ செங் ஜுருவில் கார் விற்கிறான். ஒரு டிரம்ஸ்காரர் இல்லையென்றால் வாசிக்க முடியாதவர்களை இசைக்கலைஞர்கள் என்று எப்படிச் சொல்வது? அன்று பதினாறு பாரையும் நான் தனியாக வாசித்தேன். தாளம் கொஞ்சம் ஓடிப்போயிற்று, அறை காலியாக இருந்தால் அப்படித்தான் ஆகும்.

நான் செய்தது போத்தோங். அதை உங்களுக்குக் கோபமில்லாமல் விளக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். ஒருவர் ஒன்றை எடுக்கலாம், ஏன் என்று கேட்கக் கூடாது, எடுத்தது திரும்ப வராது. அந்தச் சட்டத்தை அந்தக் குழுவில் கடைசிவரை மதித்தவன் நான் ஒருவன்தான். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மனசாட்சி என்று நீங்கள் ஏதாவது அழகாக எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன், காரணம் பக்கம் நாற்பத்தொன்று.

அதில், கடைசிக் கேசட்டை மறுபடி வெளியிடப்போகிற ஜெர்மன் கம்பெனிக்காரர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பாஸ் டிரம் சத்தத்தைப்போல் அந்தக் காலத்து ஒலிப்பதிவு எதிலும் தான் கேட்டதில்லை என்கிறார். அதன் ரகசியம் யாருக்கும் தெரியாது, அது ஷேக் அலாவுதீனின் மேதைமை என்று நீங்கள் முடிக்கிறீர்கள். அதற்குக் கீழே கலைஞர் பட்டியல். ஐந்தாவது வரி, ‘மராக்காஸ்: கதிர்காமநாதன்’. நூற்றுப் பத்துப் பக்கத்தில் என் பெயர் வருவது அந்த ஒரே இடம்.

அந்த வரியை எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக, ‘பாஸ் டிரம் ஒலி அமைப்பு: சி. கதிர்காமநாதன்’ என்று போடுங்கள். இந்தக் கடிதத்தை நீங்கள் போலீசிடம் கொடுப்பதானால் கொடுங்கள், பிரதி ஒன்று என்னிடம் இருக்கிறது. ஆனால் அந்தத் திருத்தத்தை மட்டும் செய்துவிடுங்கள். நான் செய்ததில் உங்கள் மாமா நன்றாக இருக்கிறது என்று சொன்னது அது ஒன்றைத்தான்.