மார்லாவின் கைக்கு ஏற்றது

பெண்களுக்குத் துப்பாக்கி வாங்க வருகிற ஆண்கள் எல்லாரும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியில் இருப்பதிலேயே ஆகச் சின்னதைக் காட்டி, வீட்டுக்காரிக்குக் கை சின்னது, இதைக் கொடுங்கள் என்பார்கள். நான் அதை வெளியே எடுக்கவே மாட்டேன். சின்னத் துப்பாக்கிக்கு எடை கிடையாது. சுட்டால் உதறுகிற உதறலெல்லாம் கைக்குத்தான் வந்து சேரும். ஒரு தடவை வலித்தால் அந்தப் பெண் மறுபடி அதைத் தொடமாட்டாள். பார்க்க வேண்டியது பிடியின் பருமனை. கையில் பிடித்தபடியே இருக்க, ஆள்காட்டி விரலின் நுனி சிரமமில்லாமல் விசைமேல் போய் உட்கார வேண்டும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், தம்பி. உங்கள் இடுப்பில் இருப்பதை நான்தானே விற்றேன்.

இந்தக் கார்வெல் ஊரில் கடையைத் திறந்தபோது என் மகள் மார்லா தொட்டிலில் இருந்தாள். அவளுக்கு ஒன்பது வயதாகும்போது என் மனைவி லொரீன் புற்றுநோயில் போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தக் குழந்தைக்கு எல்லாமே நான்தான். தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கு வந்து கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். கொஞ்சம் வளர்ந்ததும் அவளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது சுடுவதை அல்ல. ஒரு துப்பாக்கி எங்கே கேட்பாரற்றுக் கிடந்தாலும் அப்படியே விட்டுவிடக் கூடாது. கையில் எடு, தோட்டாக்களை ஒவ்வொன்றாகக் கழற்று, காலியா என்று பார், அப்புறம்தான் மற்ற வேலை. கடைக்கு வருகிற பெரிய மனிதர்கள் மேஜைமேல் அலட்சியமாக வைத்துவிட்டு அரட்டை அடிப்பார்கள். இவள் போய் எடுத்துக் காலி பண்ணி வைத்துவிட்டு, "இப்ப பேசுங்க" என்பாள். கடையே சிரிக்கும்.

டெரல் எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்க்கிறவன். வாட்டசாட்டமான ஆள், குரலும் பெரிது. மார்லா அவனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னபோது நான் தடுக்கவில்லை. மாதா கோயிலில் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அவன் கையில் கொடுத்ததும் நான்தான்.

அவன் அவளை அடிக்கிறான் என்று அந்த வருடம் நன்றி நாள் விருந்தில் தெரிந்துகொண்டேன். வான்கோழித் தட்டை எட்டி வாங்கும்போது அவளுடைய சட்டைக் கை மேலேறியது. முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றியிருந்தது. கேட்டதற்கு, வேலை செய்கிற இடத்தில் யாரோ குதிரை ஏற்றிவந்த டிரெய்லர் வண்டி நின்றதாகவும் அதன் கதவு இடித்துவிட்டதாகவும் சொன்னாள். அடிபட்ட பெண்கள் எல்லாரும் கதவைத்தான் சொல்வார்கள். அதன்பிறகு நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். அவள் மிச்சம் வைத்த பெக்கன் இனிப்பை ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துத் தின்றான். டிவியில் கால்பந்து பார்த்துக்கொண்டு, அடுக்களையில் இருந்தவளைக் கத்திக் கூப்பிட்டான். அவளோ சிரித்துக்கொண்டே வந்தாள். பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள்.

அடுத்த வாரம் அவளைக் கடைக்கு வரச்சொன்னேன். தனக்கு எதற்குத் துப்பாக்கி என்றாள். டெரல் ராத்திரியெல்லாம் கிணற்று வேலைக்குப் போய்விடுகிறான், நீ தனியாக இருக்கிறாய் என்றேன். ஒரு மத்தியானம் முழுக்கக் கடையில் இருப்பதை ஒவ்வொன்றாக அவள் கையில் கொடுத்துப் பார்த்தேன். லொரீனுக்கு இருந்த அதே கை, சின்னப்பிள்ளைகள் கை மாதிரி. கடைசியில் பிடி ஒல்லியாக, ஓரளவு எடையோடு ஒன்று அமைந்தது. அவள் விரல் தானாகப் போய் விசையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. படுக்கைக்குப் பக்கத்து இழுப்பறையில் வைத்துக்கொள், எப்போது தேவை என்று உனக்கே தெரியும் என்று சொல்லி அனுப்பினேன்.

கோடை வரைக்கும் காத்திருந்தேன். அவளுக்குத் தேவைப்படவேயில்லை.

ஒருநாள் கடைக்குள் ஓடிவந்து, டெரலுக்கு வடக்கு டகோட்டாவில் ஃபோர்மேன் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் கிளம்புகிறோம் என்றாள். சந்தோஷத்தில் மூச்சு வாங்கியது. எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை. அந்தப் பனியில் அவள் கத்தினால் கேட்க யார் இருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

மார்லா பல் டாக்டர் ஆபீசுக்கு வேலைக்குப் போயிருந்த நேரத்தில், சாமான் கட்ட உதவுகிறேன் என்று அவர்கள் வீட்டுக்குப் போனேன். டெரல் எனக்கு ஐஸ் டீ ஊற்றிக் கொடுத்தான். லொரீனுடைய பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டையும் அவன் பதமாகத்தான் சுற்றினான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"மாமா, நீங்களும் எங்ககூட வந்துடுங்களேன்," என்றான். "அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கும். நீங்க இங்க தனியா என்ன பண்ணப்போறீங்க? மார்லாவும் ராத்திரியெல்லாம் அதைத்தான் சொல்லிட்டிருந்தா."

நன்றாகப் பேசத் தெரிந்தவன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். படுக்கையறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தேன். திரும்பி வந்தபோது அவன் குனிந்து அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்க்கும்படி நான் விடவில்லை. அந்த அளவு இரக்கம் எனக்கு அவன்மேல் இருந்தது.

துப்பாக்கியைத் துடைத்து அவன் பக்கத்தில் தரையில் வைத்தேன். கடைக்கு வந்து மார்லாவுக்கு ஃபோன் பண்ணி, டெரல் ஃபோனை எடுக்கவில்லை, போய்ப் பாரம்மா என்றேன். அவள் போனாள். நான் சொல்லிக்கொடுத்ததை அவள் எந்த நிலையிலும் மறக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். அழுதுகொண்டேதான் எடுத்திருப்பாள், அழுதுகொண்டேதான் தோட்டாக்களைக் கழற்றியிருப்பாள். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தபோது அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். துப்பாக்கியிலும் தோட்டாக்களிலும் அவளுடைய ரேகைதான். உங்கள் ஆட்கள் அவளைத்தான் கைது செய்தார்கள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, தம்பி. எல்லாம் யோசித்துத்தான் செய்தேன். அடிக்கிற புருஷனைச் சுட்ட பெண்ணை இந்த மாவட்டத்து ஜூரி ஒருநாளும் உள்ளே தள்ளாது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஜெயிலில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, ரிசீவரில் அதைத்தான் சொன்னேன்.

"அடிச்சான்னு சொல்லிடும்மா. சாயங்காலமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்."

"அவரு என்மேல கை வெச்சதே இல்லப்பா," என்றாள். "ஒரு நாள்கூட இல்ல. செத்தவர்மேல பழியப் போட்டுட்டு வந்து, நான் எந்த மூஞ்சியோட இருப்பேன்?"

அப்போதுதான் அவள் என் வலது கையைப் பார்த்தாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடு காய்ந்திருந்தது. சின்னக் கைக்கென்று எடுத்த துப்பாக்கியைப் பெரிய கை பிடித்தால், சுடும்போது மேல் இரும்பு பின்னால் பாய்ந்து அந்த இடத்தைக் கிழித்துவிடும். கடையில் வளர்ந்த பெண்ணுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. ரிசீவரை மெதுவாக மாட்டிவிட்டு எழுந்து போனாள். அதற்கப்புறம் நான் எத்தனை ஞாயிறு போய் உட்கார்ந்தாலும் அவள் வெளியே வரவில்லை.

நேற்று அவளுடைய வக்கீல் பிரிசில்லா ஹாட்ச் கடைக்கு வந்தாள். டிரெய்லர் கதவு இடித்ததைப் பல் டாக்டரே கண்ணால் பார்த்தாராம், ஐஸ் வைத்துவிட்டதும் அவர்தானாம். அவர் நல்லவர்தான், ஆனால் டெரலோடு மீன்பிடிக்கப் போகிறவர். கொலையை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடப்போவதாக மார்லா சொல்லிவிட்டாள் என்றும் பிரிசில்லா சொன்னாள். இருபத்தைந்து வருஷம் ஜெயில். செய்யாததை ஏனம்மா ஒப்புக்கொள்கிறாய் என்று கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டாளாம்.

"ஒரே பதிலத்தான் சொல்றா. எனக்கு ஒண்ணும் புரியல, உங்களுக்காவது புரியுதான்னு பாருங்க," என்றாள். "'உள்ள இருந்தா எங்கப்பா எனக்குன்னு எதையும் பாத்துப் பாத்து எடுத்துக் குடுக்க முடியாது'ன்னு சொல்றா."

ஜெயில் சாப்பாடு, தூக்கமில்லை, பாவம், ஏதோ பேசுகிறாள். இருந்தாலும் அதைக் கேட்டபிறகு எனக்கு ஒரு வாய் சோளரொட்டிகூட இறங்கவில்லை. அதனால்தான் காலையில் கடையைத் திறக்காமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்தேன். டெரலைச் சுட்டது நான். மார்லா ஒரு பாவமும் அறியாதவள். வேண்டுமானால் என் கையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது.

வீட்டுச் சாவியை உங்கள் மேஜைமேல் வைத்திருக்கிறேன். அவளுடைய பழைய அறையைக் கூட்டி, போர்வை மாற்றி, ஜன்னலுக்குப் புதுத் திரை போட்டு வைத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள். ஜெயிலில் என்னைப் பார்க்க வருகிறவர்கள் என்று ஒரு பெயர் கேட்பீர்கள் அல்லவா, அவள் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஞாயிறு வராவிட்டாலும் அடுத்த ஞாயிறு வந்துவிடுவாள். என் பெண்ணை எனக்குத் தெரியாதா.