விற்க மறுத்த பிரேக் பம்ப்

பினாங்கிலிருந்து பட்டர்வொர்த் போகும் ஃபெரியில், எனக்கு முன் பெஞ்சில் இருந்தவர் பக்கத்திலிருந்த மோட்டார் சைக்கிள் சாமான் கடைக்காரரிடம் சொன்னார்: "அண்ணே, அன்னைக்கு நீங்க விக்காததுக்கு ரொம்ப நன்றி."

"எதை தம்பி?"

"அந்தப் பெரிய பின் பிரேக் பம்ப். பெருசுன்னா நல்லா பிடிக்கும்னு அடம் பிடிச்சேனே!"

"திட்டிக்கிட்டேதான சரியான அளவை வாங்கிட்டுப் போன? பெருசு போட்டா பிரேக் மிதி கல்லாயிரும் லா, எவ்ளோ மிதிச்சாலும் பிரேக் பத்தாது."

"நேத்து மாக் மண்டின் ரோட்டுல லோரி குறுக்க வந்துருச்சு. பின்னால மாசமா இருக்கிற பொண்டாட்டி. மிதிச்சதும் நின்னுச்சுண்ணே! இந்தாங்க, லட்டு. அவதான் குடுத்துவிட்டா."

என் மடிப் பையில், வேறு கடையில் நானும் அடம் பிடித்து வாங்கிய பெரிய பம்ப். அந்தக் கடைக்காரர் பாவம், விற்றுவிட்டார். இவர்கள் இருவருக்கும் மனதுக்குள் நன்றி சொல்லி, இறங்கிய கையோடு பம்பை மாற்றப் பினாங்குக்கே திரும்ப டிக்கெட் எடுத்தேன்.

லட்டுதான் கிடைக்கவில்லை.