அவரு கைக்கு ஒரு சுத்தியல்

இது ஆகாது பாய். உள்ள எடுத்து வைங்க. தலை பெருசு, காம்பு சின்னது, புடிச்சா முன்னால கவுருது. இதக் கொண்டுபோய் எங்க வீட்டுக்காரரு கையில குடுத்தா ஆணி ஒரு பக்கம் போகும், அவரு ஒரு பக்கம் போவாரு. வேற காட்டுங்க... அதோ, அந்த வாளிக்கு மேல தொங்குதே... ஆங், அதான்.

ம்... இது பரவால்ல. ஒரு பவுண்டா? இருங்க, காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாக்குறேன். தலை ஆடுது பாய்! லேசா ஆடுது. உங்களுக்குக் கேக்காது, எனக்குக் கேக்குது. ரெண்டு நாளு வெயில்ல கெடந்தா காம்பு சுருங்கி, தலை கழண்டுக்கும். அப்புறம் அவரு ஓங்குனாருன்னா அது பறந்துபோய் எதுத்த வீட்டுச் சீனக்காரம்மா மேல விழும். நல்ல பொம்பள அது. நாங்க குடிவந்த அன்னிக்கு ஆரஞ்சுப் பழம் குடுத்துச்சு. வேணாம், அதையும் வைங்க.

என்ன பாய், ஏதோ சொல்ல வர்றீங்க? ...இருங்க, நான் சொல்லி முடிச்சிடுறேன். நடுவுல விட்டா மறந்துடும்.

நான் மொதல்ல கேட்டேனே, அந்த ஆணித் துப்பாக்கி... அது மட்டும் உங்ககிட்ட இருந்தா எனக்கு இந்தக் கஷ்டமே இல்ல. சுவத்துல வச்சு, விசைய அமுக்குனா, டப்பு! முடிஞ்சுது வேல. அதுக்குக் கையும் வேணாம், கணக்கும் வேணாம். என்னது? உள்ள தோட்டா இருக்கா? அதுக்கு பர்மிட்டு வேணுமா? ஆணி அடிக்கப் போலீசுல கேக்கணுமா! நல்ல கூத்து. எங்க அத்தான் என்னமோ கக்கத்துல குடை வச்சிருக்கிற மாதிரி வச்சிக்கிட்டு வர்றாரு!

அத்தான்னா எங்க அக்கா அன்னம்மாவோட வீட்டுக்காரரு. கட்டட வேலையில மண்டோரு. நாப்பது பேர மேய்க்கிறவரு. வீட்டுக்கு வந்தாலும் அதே சத்தம்தான், சோறு போடுங்கிறதையே மூணு மாடிக்குக் கேக்குற மாதிரி சொல்லுவாரு. அவுங்களுக்கு இப்ப தோபாயோவுல புது வீடு கெடச்சிருக்கு. போன நாயித்துக்கிழம பால் காய்ச்சுனாங்க. நாங்களும் புக்கிட் மேராவுலேருந்து ரெண்டு பஸ் மாறிப் போனோம். போனா, பால் பொங்குறதுக்குள்ள இவரு துப்பாக்கிய எடுத்துட்டாரு! சாமிப் படம் மாட்டணுமாம். எல்லாரையும் காதப் பொத்தச் சொன்னாரு. டப்பு! ஐயரு கையிலேருந்து கரண்டி விழுந்திடுச்சு. சின்னப் புள்ளைங்க எல்லாம் அழுவுது. முருகன் படம் மட்டும் சிரிச்சிக்கிட்டுத் தொங்குது.

சரி, அதோட விட்டாரா? அத்தன சனம் உக்காந்திருக்கு, எங்க வீட்டுக்காரரு பாட்டுக்கு ஒரு மூலையில கோப்பி குடிச்சிக்கிட்டு இருக்காரு. அவரப் பாத்து, "என்ன சகல, உங்க வீட்டுல படம் மாட்டியாச்சா, இல்ல கோந்து போட்டு ஒட்டிட்டீங்களா?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க பாய். எங்க அக்கா கூட சிரிச்சா. எங்க வீட்டுக்காரரு கப்பல் கம்பெனியில கிராணி. காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் பேனா புடிக்கிறவரு. அவரு எழுத்தப் பாத்தா அச்சடிச்ச மாதிரி இருக்கும். அதுக்காக ஒருத்தர நாலு பேருக்கு முன்னால அப்படிச் சொல்றதா? அவரும் சிரிச்சாரு. ஆனா கோப்பியக் கீழ வச்சுட்டாரு. அப்புறம் தொடவே இல்ல. அதப் பாத்ததும் எனக்குப் பொறுக்கல.

வாய் சும்மா இருக்குமா? சொல்லிட்டேன். "எங்க வீட்டு அலமாரி, சாமி மாடம், பாத்திரப் பலகை எல்லாமே இவரு கையால செஞ்சதுதான் அத்தான். கடையில ஒண்ணும் வாங்கல"ன்னு.

அந்தக் கொம்பு வச்சது இருக்கே, ஆணி புடுங்குறது, அத எடுங்க. அது இல்ல, சின்னது. ஆங்... இது! இது நல்ல சாமான். கையில உக்காருது பாருங்க. கடைசியில புடிக்கணும் பாய், காம்போட கடைசியில. கழுத்தப் புடிச்சு அடிக்கிறவுங்களுக்கு வேல தெரியாதுன்னு அர்த்தம். மணிக்கட்டுலேருந்து வரணும், தோளுலேருந்து இல்ல. மெராந்தி மரப் பலகையா இருந்தா ஆணி மொனைய மொதல்ல லேசா தட்டி மழுங்க வச்சுக்கணும். கூரா அடிச்சா பலகை பொளந்துக்கும். அதே மாதிரி, இப்ப இருக்கிற மாடி வீட்டுச் சிமெண்டுச் சுவரு, முன்ன கிராமத்துல, அந்தக் கம்பத்துல இருந்த பலகைச் சுவரு மாதிரியா? நேரா அடிச்சா ஆணி மடங்கிப்போய் நம்மளையே பாக்கும். உளியால ஓட்டை போட்டு, மர ஆப்பு எறக்கி, அந்த ஆப்புலதான்...

என்ன பாய் அப்படிப் பாக்குறீங்க?

...சரி. ஆமா. நான்தான். நான்தான் செஞ்சேன். அலமாரி, மாடம், பலகை, எல்லாம். தேயிலைப் பெட்டிய லோரிக்காரருகிட்ட சொல்லி எறக்கி, நானே அறுத்து, நானே தேச்சு, நானே அடிச்சேன். கம்பத்துல இருந்தப்ப ஒவ்வொரு மழைக்கும் கூரைத் தகரம் பிச்சுக்கும். அவரு ஆபீசுல இருப்பாரு, நான் ஏறி அடிப்பேன். அப்படிப் பழகுனது. இதுல என்ன? ஆனா, கேக்குறவுங்க என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டி சுத்தியல் புடிக்கிறா, புருசன் பாத்துக்கிட்டு நிக்கிறான்னுதானே? அதான் அவரு பேருல போட்டேன். நல்லதுக்குத்தான் பாய் சொன்னேன்.

அத்தான் விட்டாரா? "அப்படியா சகல! வர்ற நாயித்துக்கிழம வர்றோம். ரேடியோ வைக்க ஆளுக்கொரு பலகை அடிப்போம். நான் துப்பாக்கி, நீங்க சுத்தியல். யாரு முந்துறாங்கன்னு பாப்போம்"னுட்டாரு. அக்கா, அவ நாத்தனாரு, கொழுந்தனாரு, லோரி நெறைய வர்றாங்களாம்.

இன்னிக்கு வியாழன். நாலு நாளா சொல்லித் தர்றேன். அவரு ஆபீசு விட்டு வந்ததும் சட்டையக் கூட மாத்த விடுறதில்ல. பாவம், ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. ஓங்கும்போது கண்ண மூடிக்கிறாரு பாய்! கண்ண மூடிட்டு அடிச்சா அது ஆணியா, வெரலான்னு சுத்தியலுக்கு எப்படித் தெரியும்? பெருவெரலு கத்தரிக்கா கலருக்கு வந்திடுச்சு. நேத்து, "சந்திரா, இது வேணுமா?"ன்னாரு. "உங்க மானத்துக்குத்தாங்க"ன்னேன். மறுபடி எடுத்து அடிச்சாரு. கீழ் வீட்டுக்காரரு தொடப்பக் கட்டையால எங்க தரைய இடிச்சாரு.

அதான் கேக்குறேன், கண்ண மூடி அடிச்சாலும் நேரா போற மாதிரி ஒரு சுத்தியல் உங்ககிட்ட இருக்கா, இல்லையா?

...பேரா? யாரு பேரு? அவரு பேரா? நான் எப்படிப் பாய் சொல்லுவேன்? அவரு பேர நான் இதுவரைக்கும் வாயால சொன்னதில்ல. இருங்க... ராமநாதபுரத்து ராஜாங்களுக்கெல்லாம் இருக்குமே, அது. ஆமா, சேது... அதான், அதான்! நீங்களே சொல்லிட்டீங்க. எதுக்குக் கேக்குறீங்க?

அது என்ன பொட்டலம்? எனக்கா? யாரு குடுத்தா?

அவரா? இங்கயா? இன்னிக்குக் காலையிலயா! ஆபீசுக்குன்னுல்ல கெளம்புனாரு?

என்ன சொன்னாரு? ...திருப்பிச் சொல்லுங்க பாய். "எங்க வீட்டுல தச்சு வேல எல்லாம் என் சம்சாரம்தான், அவ கைக்கு நல்ல சுத்தியலா குடுங்க"ன்னாரா? கடையில ஆளு இருந்தாங்களா? ஏழெட்டுப் பேரா! அத்தன பேருக்கு முன்னாலயா சொன்னாரு? வெக்கப்பட்டாரா? ...சிரிச்சிக்கிட்டா சொன்னாரு? அலமாரி எத்தன அடி, எத்தன தட்டுன்னு கையால அளந்து வேற காட்டுனாரா?

அத்தானுக்கும் பேசுனாரா? உங்க டெலிபோன்லேருந்தா? "சகல, செஞ்சது நான் இல்ல, நாயித்துக்கிழம சந்திராதான் அடிப்பா"ன்னு... ஐயோ. ஐயோ பாய். நீங்க மொதல்லயே சொல்லக்கூடாதா? ...நான் எங்க சொல்ல விட்டேன், சரி, சரி.

நான் ஒரு முட்டாள் பாய். அவருக்கு மானக்கேடா இருக்கும்னு நானே முடிவு பண்ணிட்டேன். அவர ஒரு வார்த்தை கேக்கல. அவரு என்னைப் பத்திப் பெருமையா சொல்ல வேண்டியத நான்தான் நாலு நாளா வாயப் பொத்தி வச்சிருக்கேன். அழுகையா வருது, சிரிப்பாவும் வருது. என்ன செய்யட்டும்?

பிரிச்சுப் பாக்குறேன்... அடக் கடவுளே! என்ன பாய் இது! இது கல்லு உடைக்கிற சுத்தியலாச்சே! மூணு பவுண்டு இருக்கும். கொம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதால ஒரு போடு போட்டா பலகை, சுவரு, பக்கத்து வீட்டுக்காரரு எல்லாம் ஒண்ணா போயிடும். நீங்க எடுத்துச் சொல்லலையா? ...சொன்னீங்களா? "கடையிலயே பெருசு எதுவோ அதக் குடுங்க"ன்னு நின்னாரா? மனுசன், மனுசன்...

மாத்திக் குடுங்க. அந்தக் கொம்பு வச்சது, என் கையில சரியா உக்காந்துச்சே, அது. கூட ரெண்டு இஞ்சு ஆணி ஒரு பொட்டலம் போடுங்க. அத்தான் துப்பாக்கியோட வரட்டும் லா. நான் நிக்கிறேன். எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு ஆணி எடுத்துக் குடுத்தாப் போதும்.

பாய், ஒண்ணு. இத மாத்துனத அவர்கிட்ட சொல்லிடாதீங்க. ஆசையா வாங்கிருக்காரு. வீட்டுல ஏதாவது சொல்லிக்கிறேன், கடையில தவறிப்போய் மாத்திக் கட்டிட்டாங்கன்னு... இல்ல. வேணாம் வேணாம். நானே உள்ளதச் சொல்லிடுறேன். இன்னொரு பொய்யச் சொன்னா, அதக் காப்பாத்த நான் இன்னும் எத்தன சுத்தியல் வாங்கணுமோ!